பழைய கார்களில் பழுதடைந்த காற்றுப்பைகள்: ஸ்பிரிங்வேல் வீதிகளுக்குத் தாமதமாக வந்த எச்சரிக்கை

மெல்பர்ன் நகரின் மையப்பகுதியிலிருந்து தென்கிழக்கே சுமார் 23 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஸ்பிரிங்வேல், குடியேறிகள் உருவாக்கிய ஊர் என்று சொன்னால் மிகையாகாது. 1970ஆம் ஆண்டு முதல் 1992ஆம் ஆண்டு வரை இங்கு இயங்கிய என்டர்பிரைஸ் குடியேறிகள் விடுதி, வியட்நாமிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் இன்னும் பல நாடுகளிலிருந்தும் வந்தவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் கிடைத்த முதல் கூரையாக இருந்தது. பின்னாளில் இலங்கைத் தமிழர்களும் இந்தியத் தமிழர்களும் ஸ்பிரிங்வேலிலும், அதை அடுத்துள்ள நோபிள் பார்க், கிளேட்டன், டாண்டினோங் ஆகிய பகுதிகளிலும் வீடெடுத்துத் தங்கினார்கள்.

இந்தப் பகுதியில் கார் என்பது ஆடம்பரப் பொருள் அல்ல. டாண்டினோங் தெற்கிலுள்ள தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் விடிவதற்கு முன் தொடங்கும் வேலைமுறைக்கு ரயிலை நம்பிப் போக முடியாது. கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு ஆலயத்திற்குக் குடும்பத்தோடு போவதற்கும் கார்தான் வேண்டியிருக்கிறது. எனவே, வந்து சில மாதங்களுக்குள்ளேயே ஒரு பழைய காரை வாங்கிவிடுவது வழக்கம். அது பெரும்பாலும் ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் காராக இருக்கும். பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், பழுதாகாது, உதிரிப்பாகம் கிடைக்கும் என்பது யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் மனதில் ஏற்றி வந்த நம்பிக்கை. ஆஸ்திரேலியாவின் பெயர்பெற்ற கார் பந்தயத் திடல்களில் ஒன்றான சாண்டவுன் ஸ்பிரிங்வேலில்தான் இருக்கிறது என்றாலும், ஊரின் தெருக்களில் நிற்பவை பந்தயக் கார்கள் அல்ல, பத்து பதினைந்து ஆண்டுகள் ஓடிக் களைத்த குடும்பக் கார்கள்.

ஆஸ்திரேலிய வரலாற்றிலேயே மிகப்பெரிய பொருள் திரும்பப்பெறும் நடவடிக்கை, அதாவது ரீகால், இத்தகைய கார்களைப் பற்றியதாகவே இருந்தது. ஜப்பானின் தகாட்டா நிறுவனம் தயாரித்த காற்றுப்பைகளை, அதாவது ஏர் பேக்குகளை, முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களிலிருந்து அகற்றி மாற்ற வேண்டி வந்தது. அகற்றப்பட வேண்டிய காற்றுப்பைகளின் எண்ணிக்கை நாற்பது லட்சத்தைத் தாண்டியது.

கப்ரமட்டாவில் நடந்தது

2017ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் தேதி, சிட்னியின் மேற்குப் பகுதியிலுள்ள கப்ரமட்டாவில் ஒரு சாலை விபத்து நேரிட்டது. 2007ஆம் ஆண்டு தயாரான ஹோண்டா சி.ஆர்.வி. காரை ஓட்டிச் சென்ற 58 வயது ஆண் ஒருவர் உயிரிழந்தார். அவரது உயிரைப் பறித்தது மோதலின் வேகம் அல்ல. விரிந்த காற்றுப்பையிலிருந்து பறந்து வந்த உலோகச் சில்லு ஒன்று அவரது கழுத்தைத் தாக்கியதாக விசாரணையாளர்கள் கண்டறிந்தனர். உயிரைக் காப்பதற்காகப் பொருத்தப்பட்ட கருவியே உயிரைப் பறித்திருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, அதே ஆண்டு ஏப்ரலில், வடக்கே டார்வின் நகரில் 21 வயதுப் பெண் ஒருவர் இதே வகைக் கோளாறினால் படுகாயமடைந்திருந்தார்.

சிட்னிக்குக் கப்ரமட்டா எப்படியோ, மெல்பர்னுக்கு ஸ்பிரிங்வேல் அப்படி. இரண்டு ஊர்களும் குடியேறிகள் விடுதிகளைச் சுற்றி வளர்ந்தவை. இரண்டிலும் வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசுவோரே அதிகம். கார் நிறுவனங்கள் அனுப்பும் கடிதங்கள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. ஆகையால் கப்ரமட்டாவில் நடந்தது ஸ்பிரிங்வேலிலும் நடந்திருக்கக்கூடும் என்ற அச்சத்தைப் புறந்தள்ளிவிட முடியாது.

கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. தகாட்டா காற்றுப்பைகளைத் திரும்பப்பெறும் பணி ஆஸ்திரேலியாவில் 2009ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஆபத்து இன்னதென்று தெரிந்து எட்டு ஆண்டுகள் கழிந்த பின்னர்தான் கப்ரமட்டா மரணம் நிகழ்ந்தது.

ஊதுகலனுக்குள் என்ன இருக்கிறது

காற்றுப்பை என்றால் அதற்குள் காற்று அடைத்து வைக்கப்பட்டிருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவிலும், பயணி இருக்கைக்கு முன்னாலுள்ள பலகையிலும் மடித்து வைக்கப்பட்டிருப்பது வெறும் துணிப்பைதான். அதன் பின்னால் இன்ஃப்ளேட்டர் எனப்படும் சிறிய எஃகுக் கலன் ஒன்று இருக்கிறது. அதற்குள் வில்லைகளாக அழுத்தப்பட்ட இரசாயன எரிபொருள் இருக்கும். கார் மோதியதை உணர்கருவி அறிந்தவுடன் ஒரு சிறு மின்பொறி அந்த வில்லைகளைப் பற்றவைக்கிறது. அவை எரிந்து வெளியிடும் வாயு, கண் இமைப்பதற்குள் பையை நிரப்பிவிடுகிறது. வெடிமருந்துக் கலன் ஒன்று, கட்டுப்பாட்டோடு எரியும்படி அமைக்கப்பட்டு, நம் நெஞ்சுக்கு நேராக வைக்கப்பட்டிருக்கிறது என்பதே இதன் சுருக்கம். அந்தக் கட்டுப்பாடு இருக்கும்வரை அது பாதுகாப்பு, தவறினால் கையெறிகுண்டு.

மற்ற உற்பத்தியாளர்கள் தயங்கி ஒதுக்கிய அமோனியம் நைட்ரேட்டை, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தகாட்டா தனது முக்கிய எரிபொருளாகத் தேர்ந்தெடுத்தது. விலை மலிவு என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நமது விவசாயிகளுக்கு உரமாகவும், கல்குவாரிக்காரர்களுக்கு வெடிபொருளாகவும் அறிமுகமான அதே இரசாயனம்தான் இது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் தேதி பெய்ரூட் துறைமுகத்தைத் தரைமட்டமாக்கியதும் இதுவே. அந்தச் செய்தி வந்தபோது, சென்னை மணலிக்கு அருகே சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட் ஆண்டுக்கணக்காகக் கிடங்கில் கிடப்பது தெரியவந்து, அது அவசர அவசரமாக அப்புறப்படுத்தப்பட்டதை நேயர்கள் நினைவுகூரலாம்.

இந்த உப்புக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. முதலாவது, அது ஈரத்தை உறிஞ்சக்கூடியது. இரண்டாவது, வெப்பநிலை ஏறி இறங்கும்போது அதன் படிக அமைப்பு மாறி, கன அளவும் கூடிக் குறையும். பகலில் வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் அடுப்புபோல் கொதிக்கிறது, இரவில் குளிர்கிறது. ஒரு நாளில் ஏற்படும் மாற்றம் ஒன்றும் செய்யாது. ஆனால் பத்தாண்டுக் காலத்தில் ஆயிரக்கணக்கான தடவை அது நிகழும்போது, கெட்டியாக அழுத்தப்பட்ட வில்லைகளில் நுண்ணிய விரிசல்களும் துளைகளும் உண்டாகின்றன. காற்றிலுள்ள ஈரம் அதைத் துரிதப்படுத்துகிறது. துளைகள் பெருகப் பெருக, தீப்பிடிக்கும் பரப்பும் பெருகும். விபத்து நேரும்போது வில்லைகள் நிதானமாக எரிவதற்குப் பதிலாக ஒரேயடியாக எரிந்து, உருவாகும் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் எஃகுக் கலன் உடைந்து சிதறுகிறது. ஈரம் உறிஞ்சும் பொருள் சேர்க்கப்படாமல் தயாரிக்கப்பட்ட கலன்களே திரும்பப்பெறும் பட்டியலின் பெரும்பகுதி.

இதில் ஆல்ஃபா என்று பெயரிடப்பட்ட ஒரு வகை மிக ஆபத்தானது. இந்த நூற்றாண்டின் முதலிரு ஆண்டுகளில் தயாரான இவற்றின் வில்லைகள், தொழிற்சாலையில் இருந்தபோதே ஈரம் பட்டவை. அமெரிக்காவில் நடத்தப்பட்ட சோதனைகளில், 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா கார்களின் ஆல்ஃபா கலன்களில், விரியும்போது உடைந்து சிதறுவதற்கான வாய்ப்பு ஐம்பது சதவீதம் வரை இருப்பதாகக் கண்டறியப்பட்டது. அதாவது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கு ஒப்பானது.

காரின் உரிமையாளருக்கு இதில் உள்ள பெருஞ்சிக்கல், இந்தக் கோளாறுக்கு அறிகுறி எதுவும் கிடையாது என்பதுதான். பிரேக் தேய்ந்தால் சத்தம் வரும். எண்ணெய் கசிந்தால் தரையில் தெரியும். கலனுக்குள் வில்லை சிதைவதை காரின் எச்சரிக்கை விளக்குகூடக் காட்டுவதில்லை. கார் விற்கப்படும்போது விக்டோரியா மாநிலத்தில் பெறவேண்டிய ரோட்வொர்தி சான்றிதழுக்காகப் பரிசோதிக்கும் மெக்கானிக்கும் ஊதுகலனைத் திறந்து பார்க்க முடியாது. வழக்கமான சர்வீஸ் தவறாமல் செய்திருப்பதால் மட்டும் கார் பாதுகாப்பானது என்று இந்த விஷயத்தில் சொல்லிவிட முடியாது.

தாமதம் எங்கே ஏற்பட்டது

ஹோண்டா நிறுவனம் தகாட்டா காற்றுப்பைகள் தொடர்பாக முதன்முதலில் அமெரிக்காவில் சுமார் நான்காயிரம் கார்களைத் திரும்ப அழைத்தது 2008ஆம் ஆண்டு நவம்பரில். அது ஒரு குறிப்பிட்ட உற்பத்திப் பிழை என்று அப்போது கூறப்பட்டது. அடுத்த ஆண்டே ஓக்லஹோமா மாநிலத்தில் இளம்பெண் ஒருவர் பலியானார். பிறகு பட்டியல் ஆண்டுதோறும் நீண்டது. 2014ஆம் ஆண்டு ஜூலையில் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் சிபு என்ற இடத்தில் ஹோண்டா சிட்டி காரை ஓட்டிச் சென்ற கர்ப்பிணிப் பெண் ஒருவர் உயிரிழந்தார். அமெரிக்காவுக்கு வெளியே இந்த ஆபத்தை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த மரணம் அது. வெப்பமும் ஈரமும் மிகுந்த மலேசியாவில் அதன் பின்னரும் உயிரிழப்புகள் தொடர்ந்தன. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் தகாட்டா, அமெரிக்க அரசின் அழுத்தத்தின் பேரில், தனது ஊதுகலன்கள் குறைபாடுடையவை என்று முறையாக ஒப்புக்கொண்டது.

சோதனை முடிவுகளைத் திரித்துக் கார் நிறுவனங்களுக்குக் கொடுத்து வந்ததாகத் தகாட்டா 2017ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க நீதித்துறையிடம் குற்றத்தை ஏற்று, நூறு கோடி டாலர் செலுத்தச் சம்மதித்தது. அதில் கார் நிறுவனங்களுக்கு 85 கோடி, பாதிக்கப்பட்டவர்களுக்கு 12.5 கோடி, மீதி அபராதம். விகிதத்தைப் பார்க்கையில், காயப்பட்டவர்களைவிடக் கார் நிறுவனங்களின் நட்டமே பெரிதாகக் கணக்கிடப்பட்டது தெளிவு. அதே ஆண்டு ஜூனில் அந்நிறுவனம் திவாலானது. 2018இல் சீன முதலாளிகளுக்குச் சொந்தமான கீ சேஃப்டி சிஸ்டம்ஸ் அதை வாங்கியது.

இதற்கிடையே, மாற்றுவதற்குப் புதிய கலன்கள் போதவில்லை. உலகம் முழுவதும் சுமார் பத்துக் கோடி கலன்கள் தேவைப்பட்டன. அவற்றைத் தயாரிக்கக்கூடிய நிறுவனங்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. எனவே, ‘உதிரிப்பாகம் வந்ததும் அழைக்கிறோம்’ என்ற பதிலோடு பல உரிமையாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். இதைவிட மோசமானது, புதிதாகப் பொருத்தப்பட்டவற்றில் ஒரு பகுதியும் அதே அமோனியம் நைட்ரேட் கலன்களே என்பது. பழைய வில்லைக்குப் பதில் புதிய வில்லை. சிதையத் தொடங்கச் சில ஆண்டுகள் ஆகும், அவ்வளவுதான். ஆஸ்திரேலிய நுகர்வோர் அமைப்பான சாய்ஸ் 2017ஆம் ஆண்டு ஜூலையில் இதை வெளிக்கொணர்ந்தபோது, ஒருமுறை மாற்றியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தவர்கள், இரண்டாம் தடவையும் பணிமனைக்குப் போகவேண்டியிருக்கும் என்பதை அறிந்தார்கள்.

உதிரிப்பாகத் தட்டுப்பாடு ஒருபுறம் இருக்க, கடிதம் போய்ச் சேராததும் பெரும் தடையாக இருந்தது. எடுத்துக்காட்டாக, 2004ஆம் ஆண்டு தயாரான ஒரு காரைக் கற்பனை செய்து பார்ப்போம். கிளென் வேவர்லியில் வசிக்கும் ஒருவர் அதைப் புதிதாக வாங்குகிறார். கார் நிறுவனத்தின் ஏட்டில் இருப்பது அவரது பெயரும் முகவரியும். ஏழு ஆண்டுகள் கழித்து அதை கிளேட்டனில் படிக்கும் மாணவர் ஒருவருக்கு விற்கிறார். மாணவர் படிப்பு முடிந்து ஊர் திரும்பும்போது, பிரிட்ஜிங் விசா எனப்படும் இடைக்கால விசாவில் ஸ்பிரிங்வேலில் தங்கியிருக்கும் ஒரு தொழிலாளியிடம் ரொக்கத்துக்குக் கைமாறுகிறது. அவர் ஆண்டுக்கு ஒருமுறை வீடு மாறுகிறார். பதிவு அலுவலகத்தில் முகவரியை மாற்ற மறந்துவிடுகிறார், அல்லது அவரது நீண்ட தமிழ்ப் பெயர் மூன்று இடங்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. நிறுவனம் அனுப்பும் முதல் இரண்டு கடிதங்கள் கிளென் வேவர்லிக்குப் போகின்றன. மூன்றாவது கிளேட்டனில் ஒரு காலியான அறைக்கு. நான்காவது ஒருவேளை சரியான வீட்டுக்கே வந்தாலும், ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, கார் விற்பனைக்கான விளம்பரம்போல் காட்சியளிக்கும் அந்த உறை பிரிக்கப்படாமலே குப்பைக்குப் போகலாம். கார் அரை நாள் பணிமனையில் நின்றால் அன்றைய கூலி போகும் என்ற கவலையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. இவர்களில் யாரையும் அலட்சியக்காரர் என்று சொல்லிவிட முடியாது.

கடிதத்தின் வாசகமும் முக்கியமானது. முன்னெச்சரிக்கையாகவே மாற்றுகிறோம், அச்சப்பட ஒன்றுமில்லை என்ற தொனியில் எழுதினால், யார்தான் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவார்கள்? ஆஸ்திரேலியாவில் இதுவே வழக்காகவும் ஆனது. நுகர்வோரின் கவனத்தை ஈர்க்கும் கடுமையான சொற்களைப் பயன்படுத்த வேண்டும் என்ற விதியை மீறியதற்காக, மெர்சிடிஸ் பென்ஸின் ஆஸ்திரேலிய நிறுவனத்துக்கு 2022ஆம் ஆண்டு கூட்டாட்சி நீதிமன்றம் 1 கோடியே 25 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. தொலைபேசியில் விசாரித்த வாடிக்கையாளர்கள் சிலரிடம், இது முன்னெச்சரிக்கை நடவடிக்கையே என்று அந்நிறுவனத்தின் பணியாளர்கள் கூறியிருந்தனர்.

கட்டாய உத்தரவு

கப்ரமட்டா மரணத்துக்குப் பிறகு அரசு விழித்துக்கொண்டது எனலாம். ஏ.சி.சி.சி. எனப்படும் ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையத்தின் விசாரணையை அடுத்து, கட்டாயமாகத் திரும்பப்பெறும் உத்தரவு ஒன்று 2017 செப்டம்பரில் முன்மொழியப்பட்டது. கார் நிறுவனங்களின் கருத்துக்களைக் கேட்ட பின், 2018ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் அப்போதைய துணை அமைச்சர் மைக்கேல் சுக்கர் அதை அறிவித்தார். மார்ச் 1ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அதுவரை நிறுவனங்கள் தாமாக முன்வந்து அழைத்த சுமார் 27 லட்சம் கார்களில் ஏறத்தாழ 17 லட்சம் கார்களிலேயே வேலை முடிந்திருந்தது. மிகுதியையும், புதிதாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டவற்றையும் கூட்டினால், 23 லட்சம் கார்கள் பாக்கி. ஆல்ஃபா கலன்களோடு மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் அப்போதும் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்தன.

அந்த உத்தரவின்படி 2020 டிசம்பர் 31ஆம் தேதிக்குள் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். காரின் வயது, அது ஓடும் பகுதியின் வெப்பமும் ஈரப்பதமும், கலனின் வகை ஆகியவற்றைக் கொண்டு முன்னுரிமை வகுக்கப்பட்டது. மெல்பர்னின் குளிர் இங்குள்ளவர்களுக்குச் சற்றுக் காலம் வாங்கிக் கொடுத்தது என்பது உண்மை. ஆனால் ஒரு கார் எங்கு பதிவாகியிருக்கிறது என்பதைப் பார்த்தால் மட்டும் போதாது; டார்வினிலோ வடக்குக் குவின்ஸ்லாந்திலோ பத்தாண்டுகள் ஓடிவிட்டு மெல்பர்னில் விற்பனைக்கு வந்த காரின் வில்லைகள் வெப்பமண்டலத்தின் வயதை ஏற்கெனவே சுமந்திருக்கும். மிக ஆபத்தானவை எனப்பட்ட கார்களை ஓட்டவே வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டு, அவற்றை நிறுவனமே இழுத்துச் செல்லவோ வீட்டுக்கு ஆளனுப்பி மாற்றவோ ஏற்பாடு செய்யப்பட்டது. உரிய காலத்தில் மாற்ற முடியாத சில சூழ்நிலைகளில் மாற்றுக் காரும் வழங்க வேண்டியிருந்தது. பதிவு எண்ணைக் கொடுத்தால் காரின் நிலையைக் காட்டும் இணையதளம் 2018இல் தொடங்கப்பட்டது. அழைத்தும் வராத கார்களின் பதிவை நிறுத்திவைக்கும் அளவுக்கு மாநில அரசுகள் சென்றன. பதிவு ரத்தாகும் என்ற கடிதம், உயிர் போகும் என்ற கடிதத்தைவிட விரைவாக மக்களைப் பணிமனைக்கு அனுப்பியது என்பதை மனித இயல்பின் ஒரு விநோதமாகத்தான் கொள்ள வேண்டும்.

காலக்கெடு முடிந்தபோது, 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட கார்கள் கணக்கில் வந்துவிட்டதாக ஆணையம் அறிவித்தது. கணக்கில் வந்தவை என்றால் எல்லாம் மாற்றப்பட்டவை அல்ல. உடைத்து நொறுக்கப்பட்டவை, திருடுபோனவை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பதிவு செய்யப்படாதவை ஆகியவையும் இதில் அடங்கும். இருந்தாலும், தன்னார்வ முறையில் ஒன்பது ஆண்டுகள் இழுபட்டதன் மிகுதியை, கட்டாய உத்தரவு மூன்றே ஆண்டுகளில் முடித்துக் காட்டியது என்பதை மறுக்க முடியாது. கார் நிறுவனங்களின் நன்மனதை நம்பிக் காத்திருந்த காலம் தேவையற்றது என்பதே இந்தக் கட்டுரையாளரின் கருத்து.

இழப்பீடு என்ற கோணத்தில் விளைவு அவ்வளவு தெளிவாக இல்லை. நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றத்தில் தொடரப்பட்ட கூட்டு வழக்குகளில், டொயோட்டா, ஹோண்டா, மாஸ்டா, நிசான், சுபாரு, பி.எம்.டபிள்யூ ஆகியவற்றுக்கு எதிரானவை சமரசத்தில் முடிந்தன. ஃபோக்ஸ்வாகனுக்கு எதிரான வழக்கு 2021இல் தள்ளுபடியானது.

முடிந்ததாக நினைத்தபோது

2019ஆம் ஆண்டு நவம்பரில் வேறொரு வகைத் தகாட்டா கலன் பற்றிய எச்சரிக்கை வந்தது. 1990களின் பிற்பகுதியில் தயாரான இவற்றில் அமோனியம் நைட்ரேட் இல்லை என்பதால் முந்தைய பட்டியலில் இவை இடம்பெறவில்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு மரணமும் ஒரு படுகாயமும் இவற்றோடு தொடர்புபடுத்தப்பட்டன. இந்தக் கலன்கள் சிதறுவதோடு, சில வேளைகளில் பையை முழுமையாக நிரப்பாமலும் விட்டுவிடும். பாதிக்கப்பட்ட பி.எம்.டபிள்யூ 3 வரிசைக் கார்களை உடனே ஓட்டுவதை நிறுத்துமாறு கேட்டுக்கொள்ளப்பட்டது. இருபது ஆண்டுப் பழைய கார்களுக்கு மாற்றுப் பாகமே இல்லாத நிலையில், நிறுவனங்கள் பலவற்றை உரிமையாளர்களிடமிருந்து விலை கொடுத்தே வாங்க வேண்டியதாயிற்று. ஆடி, ஃபோர்டு, ஹோண்டா, மாஸ்டா, மிட்சுபிஷி, சுசுகி, டொயோட்டா ஆகியவற்றின் சில பழைய கார்களும் அந்தப் பட்டியலில் இருந்தன.

ஐரோப்பாவிலோ இந்தக் கதை இன்னும் முற்றுப்பெறவில்லை. 2025ஆம் ஆண்டு ஜூனில் பிரான்சின் ரீம்ஸ் நகரில் 2014ஆம் ஆண்டு சிட்ரோயன் சி3 காரை ஓட்டிச் சென்ற பெண் ஒருவர் காற்றுப்பை வெடித்து உயிரிழந்தார். தெற்கு ஐரோப்பாவில் அந்த வகைக் கார்களை ஓட்ட வேண்டாம் என்று முந்தைய ஆண்டிலேயே அறிவித்திருந்தும், குளிர்ந்த வடக்குப் பகுதிகளுக்கு அவசரமில்லை என்று கருதப்பட்டிருந்தது. பாரிஸ் புறநகர்களில் சி3 ஓட்டும் தமிழர்கள் ஏராளம்.

இந்தியாவில் ஹோண்டா 2016ஆம் ஆண்டு ஜூலையில் மட்டும் சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் கார்களை இதற்காகத் திரும்ப அழைத்தது. ஆனால் அங்கு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தத்தின் மூலமே வந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. சென்னையின் வெயிலும் கடற்காற்றின் ஈரமும் வில்லைகளுக்கு எத்தகையவை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பழைய காரை வாங்குவோர் செய்யவேண்டியவை

ஒவ்வொரு காருக்கும் வி.ஐ.என். என்ற 17 இலக்க அடையாள எண் உண்டு. முன்கண்ணாடியின் அடிப்பகுதியிலோ, ஓட்டுநர் கதவின் சட்டத்திலோ, பதிவுப் பத்திரத்திலோ அதைக் காணலாம். அந்த எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டாலோ, ஏதாவதொரு அதிகாரபூர்வ விற்பனை முகவரிடம் தொலைபேசியில் சொன்னாலோ, பாக்கியிருக்கும் திருத்தங்கள் தெரிந்துவிடும். காரை அங்கே வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. எத்தனையாவது உரிமையாளர் என்பதும் பொருட்டல்ல. 2020ஆம் ஆண்டின் காலக்கெடு கடந்துவிட்டது என்று சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. மாற்றும் வேலை இலவசம். ஆஸ்திரேலியாவில் 2021 ஜூலை முதல் வாகனங்களைத் திரும்பப்பெறும் பணியை மேற்பார்வையிடுவது உள்கட்டமைப்புத் துறை. அதன் இணையதளத்தில் மாதிரி வாரியாக அறிவிப்புகள் வெளியாகின்றன. வீடு மாறினால் பதிவு அலுவலகத்தில் முகவரியை மாற்றிவிடுவது, அடுத்த கடிதம் சரியான கைக்கு வந்துசேர உதவும்.

முன்னர் ஒருமுறை மாற்றப்பட்டிருந்தால், எப்போது, எந்த வகைக் கலன் பொருத்தப்பட்டது என்று கேட்பது நல்லது. காரை உடைத்து விற்கும் இடங்களிலிருந்து வாங்கிய காற்றுப்பையைப் பொருத்திக்கொள்வதும், பயத்தில் காற்றுப்பையின் இணைப்பைத் தாமே துண்டித்துவிடுவதும் ஆபத்தானவை. நிறுத்தி வைத்திருக்கும்போது கார் தானாக வெடித்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அப்படியல்ல, மோதலில் பை விரியும்போதுதான் கலன் உடையும். ஆனால் உயிர் தப்பக்கூடிய சிறிய மோதலே அதற்குப் போதுமானது.

ஜப்பானிலிருந்து நேரடியாக இறக்குமதி செய்யப்பட்ட கார்களின் நிலை வேறு. நியூசிலாந்தில் 2018இல் ஆல்ஃபா கலன்களுக்கான கட்டாய உத்தரவு பிறப்பிக்கப்பட்டபோது, இத்தகைய இறக்குமதிகளே பெரும் சிக்கலாக இருந்தன. ரீகண்டிஷன் வாகனங்கள் என்ற பெயரில் அவை நிறைந்திருக்கும் இலங்கையிலும் இதே நிலைதான். ஜப்பானில் முதலில் விற்கப்பட்ட கார்களுக்கு 17 இலக்க எண் இருக்காது. அதைவிடக் குறுகிய சேஸிஸ் எண்தான் இருக்கும். உள்ளூர் முகவரின் ஏட்டிலும் அந்தக் காரின் பெயர் இராது. ஆயினும் தயாரிப்பு நிறுவனங்களின் ஜப்பானியத் தளங்கள் சேஸிஸ் எண்ணை ஏற்றுக்கொண்டு, அந்தக் காருக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு உண்டா என்று காட்டுகின்றன. அவை ஜப்பானிய மொழியில் இருப்பதால், காரை இறக்குமதி செய்து விற்றவரிடமே அந்தத் தேடலைச் செய்து காட்டுமாறு வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.